விருந்தாளியின் ஹக்கு: இப்னு பதூதா கண்ட துருக்கி நாடு

அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புகின்ற ஒருவர் தம் விருந்தாளியைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றிருப்பதை நம்மில் கேட்காதவர் இலர். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம் பெற்றுள்ள ஹதீது இது. ஆனால் இதன் அமைப்பை நாம் சற்று நின்று நோக்குவதில்லை. விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது நல்ல பழக்கம் என்றோ, ஊரார் மெச்சும் குணம் என்றோ பெருமானார் (ஸல்) அவர்கள் கூறி விட்டுவிடவில்லை. அதனை ஈமானோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் வந்து நிற்கும் மனிதரை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பது நமது ஈமானின் நாடித் துடிப்பைக் காட்டும் என்பதே இதன் பொருளாகும்.

இந்தப் போதனையை ஒரு நாட்டு மக்கள், அதிலும் சாதாரண உழைப்பாளி மக்கள், தம் அன்றாட வாழ்வாக ஆக்கிக்கொண்டால் அது எப்படி இருக்கும்? இதற்குச் சரித்திரத்தில் ஓர் அழகிய சான்று உண்டு. உலகப் பயணி இப்னு பதூதா துருக்கி நாட்டில் கண்டவையே அச்சான்று. அவற்றை இங்கே எடுத்து நோக்கி, நமது இல்லங்களுக்கு வேண்டிய பாடங்களைப் பெறுவோமாக.

பயணியும் அவர் நூலும்

இப்னு பதூதா மொராக்கோ நாட்டின் தஞ்ஜா நகரில் 1304-ஆம் ஆண்டில் பிறந்தவர். மாலிகி மத்ஹபைச் சேர்ந்தவர். மார்க்கச் சட்டம் பயின்றவர். 1325-ஆம் ஆண்டில், இருபத்தோரு வயது இளைஞராக, ஹஜ்ஜுக்கென்று நிய்யத்துச் செய்து வீட்டை விட்டுப் புறப்பட்டார். ஹஜ்ஜை முடித்த பின்பும் அவர் கால்கள் ஓயவில்லை. ஏறத்தாழ 24 ஆண்டுகளுக்குப் பின்னர், 1349-ஆம் ஆண்டில்தான் அவர் தாயகம் மீண்டார். அதன் பின்னரும் ஸ்பெயினுக்கும், ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்கும் சென்று வந்தார். மொராக்கோ சுல்தான் அபூ இனான் அவர்களின் கட்டளைப்படி அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதி முடித்த நூலே 'ரிஹ்லா' என்று வழங்குகிறது. அது நிறைவு பெற்ற ஆண்டு 1355. நம் பகுதிக்கும் இவர் அந்நியரல்லர். 1340-களில் இலங்கைக்கு வந்து ஆதம் மலை ஏறியவர். மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் 'மஅபர்' என்று அரபிகள் அழைத்த நம் தமிழகத்திலும் தங்கிச் சென்றவர்.

அதற்குப் பல ஆண்டுகள் முன்னதாக, 1330-களின் தொடக்கத்தில், அவர் சிரியாவின் லாதிகிய்யா துறைமுகத்திலிருந்து கப்பலேறி, இன்று துருக்கி எனப்படும் நாட்டின் தென்கரையில் இறங்கினார். அக்காலத்தில் அதனை 'ரூம் நாடு' என்றழைப்பர். ஸல்ஜூக்கியர் ஆட்சி சிதைந்து, சிறு சிறு அமீர்கள் ஆங்காங்கே ஆண்டுகொண்டிருந்த காலம் அது. உதுமானியப் பேரரசின் விதை அப்போதுதான் முளை விட்டிருந்தது. ஒரே அரசு இல்லை, பாதைகளுக்குப் பாதுகாப்பில்லை. இப்னு பதூதாவுக்கோ துருக்கி மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. இத்தகைய நாட்டில் ஒரு முஸாபிர் எதை நம்பிப் பயணம் செய்வது?

கிழிந்த உடையில் வந்த அழைப்பு

அந்தாலியா நகரில் அவர் ஒரு மதரஸாவில், அதன் ஷைகிடம் தங்கியிருந்தார். அங்கே இறங்கிய மறுநாள், பழைய ஆடையும் கம்பளித் தொப்பியும் அணிந்த ஒரு மனிதர் ஷைகிடம் வந்து துருக்கி மொழியில் ஏதோ பேசினார். அவர் சொன்னது விளங்கிற்றா என்று ஷைகு கேட்க, இல்லை என்றார் இப்னு பதூதா. தங்களையும் தங்களுடன் வந்தவர்களையும் அவர் இரவு விருந்துக்கு அழைக்கிறார் என்று ஷைகு விளக்கினார். இப்னு பதூதா சம்மதித்தாராயினும் அம்மனிதர் சென்ற பின், பாவம், இவர் ஓர் ஏழை; நம் அனைவருக்கும் உணவளிக்க இவரால் இயலாது; இவருக்குச் சிரமம் கொடுக்க நாம் விரும்பவில்லை என்று கூறினார்.

ஷைகு சிரித்துவிட்டார். வந்தவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. ஆயினும் இவ்வூர் 'அகீ'களின் தலைவர்களுள் ஒருவர். பல்வேறு கைத்தொழில் புரியும் சுமார் இருநூறு பேர் அவரைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கின்றனர். விருந்தாளிகளுக்கென்றே அவர்கள் ஒரு ஸாவியா கட்டியிருக்கின்றனர். பகலில் சம்பாதிப்பதை இரவில் அங்கே செலவிடுகின்றனர் என்று அவர் எடுத்துரைத்தார்.

மஃரிபு தொழுகைக்குப் பின் அந்தத் தொழிலாளி திரும்ப வந்து அவர்களை அழைத்துச் சென்றார். அங்கே போய்ப் பார்த்தால், அழகிய விரிப்புகள் விரிக்கப்பட்ட கூடம், கண்ணாடிச் சரவிளக்குகள், பித்தளை விளக்குத் தண்டுகள். நீண்ட அங்கியும் வெண்மையான கம்பளித் தொப்பியும் அணிந்த இளைஞர்கள் வரிசையாக நின்று வரவேற்றனர். நடுவில் விருந்தாளிகளுக்கென்று மேடை போன்ற இடம். உணவும் பழங்களும் இனிப்புகளும் வந்தன. அவர்களின் தயாள குணத்தைக் கண்டு தமக்கு ஏற்பட்ட வியப்பு பெரிது என்று இப்னு பதூதா பதிவு செய்கிறார்.

உடையைக் கண்டு மனிதரின் தகுதியை அளக்கும் பழக்கம் படித்தவரையும் விடுவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அவர் அந்த ஏழை மீது இரக்கப்பட்டாரே தவிர இகழவில்லை. அது அவர் நற்குணம். எனினும், கொடுப்பதற்குப் பணக்காரராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த இரக்கத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது. அந்த எண்ணத்தையே செருப்புத் தைப்பவரின் ஸுஃப்ரா உடைத்தெறிந்தது.

அகீகள் என்போர் யார்?

'அகீ' என்றால் அரபியில் 'என் சகோதரர்' என்று பொருள். ஒரே தொழில் புரிவோரும், மணமாகாத இளைஞர்களும், வேறு சிலரும் ஒன்றுகூடி ஒருவரைத் தலைவராக அமர்த்திக்கொள்வர், அவரே அகீ. அவர் ஸாவியா ஒன்றைக் கட்டி, விரிப்பு, விளக்கு, பாத்திரங்கள் முதலியவற்றைச் சேகரித்து வைப்பார். தோழர்கள் பகல் முழுதும் தத்தம் தொழிலைச் செய்து, அஸருக்குப் பின் அன்றைய வருவாயைக் கொண்டுவந்து அவரிடம் ஒப்படைப்பர். அதைக் கொண்டு பழமும் உணவும் வாங்கப்படும். ஊருக்கு முஸாபிர் எவரேனும் வந்திருந்தால் அவரை அழைத்து வந்து உணவளிப்பர். அவர் ஊரை விட்டுப் புறப்படும் வரை அவர்களின் விருந்தாளிதான். எவரும் வராத நாளில் தாங்களே கூடி உண்பர். காலையில் மறுபடியும் தொழிலுக்குச் செல்வர்.

இதற்கு 'ஃபுதுவ்வா' என்று பெயர். 'ஃபதா' என்றால் இளைஞன். இளமையின் வீரத்தையும் கொடையையும் நற்குணத்தையும் மார்க்க ஒழுக்கத்தோடு இணைக்கும் நெறி அது. பக்தாதின் கலீபா அந்நாஸிர் (ஆட்சிக் காலம் 1180 முதல் 1225 வரை) அந்நெறியை ஒழுங்குபடுத்தி வளர்த்தார். ரூம் நாட்டில் அது கைத்தொழிலாளர்களின் கூட்டமைப்பாக உருவெடுத்தது. அங்கே தோல் பதனிடுவோரின் பெரியாராகப் போற்றப்படும் அகீ எவ்ரான் அவர்களின் அடக்கத்தலம் கிர்ஷஹிர் நகரில் உள்ளது.

வெளியூரார்பால் பரிவு காட்டுவதிலும், அவர்களுக்கு விரைந்து உணவளிப்பதிலும், கொடுமை செய்வோரின் கரத்தைத் தடுப்பதிலும் இவர்களுக்கு நிகரானவர்களை உலகில் தாம் கண்டதில்லை என்ற கருத்தை இப்னு பதூதா எழுதுகிறார். எத்தனையோ மன்னர்களின் அரண்மனைகளில் விருந்துண்டவர் கூறும் வார்த்தை இது!

நேயர்களே! இங்கே நாம் கவனிக்க வேண்டியது விருந்தின் பின்னால் இருந்த வருவாயை. நபி தாவூது (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்றும், ஒருவர் உண்ணும் உணவில் தன் கையுழைப்பால் வந்ததைவிடச் சிறந்தது இல்லை என்றும் நபிமொழி உண்டு. அந்தாலியாவின் விரிப்பும் விளக்கும் வட்டிப் பணத்திலோ கடன் பணத்திலோ வந்தவை அல்ல. ஊசியும் உளியும் பிடித்துக் காய்த்துப் போன கைகளிலிருந்து வந்தவை. தனித்தனியே எவரும் செல்வர் இல்லை. ஆனால் இருநூறு பேர் ஒரு நிய்யத்தில் சேர்ந்தபோது, ஓர் அமீரின் மாளிகைக்கு ஈடான விருந்தை அவர்களால் அளிக்க முடிந்தது.

நன்மைக்கான போட்டி

லாதிக் என்ற ஊரில் (இன்றைய தெனிஸ்லி) நடந்தது இன்னும் விசித்திரமானது. பயணக் குழுவினர் கடைத்தெரு வழியே சென்றபோது, கடைகளிலிருந்து சிலர் இறங்கி வந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டனர். மற்றும் சிலர் ஓடிவந்து அவர்களைத் தடுத்தனர். வாக்குவாதம் முற்றிக் கத்திகளும் உருவப்பட்டன. வழிப்பறிக்காரர்கள் கையில் அகப்பட்டோம் என்றே முஸாபிர்கள் அஞ்சினர். அந்நேரம், ஹஜ் செய்து அரபி அறிந்திருந்த ஒருவர் வந்து விவரம் கூறினார். இவர்கள் கொள்ளையர் அல்லர். இரண்டு அகீ குழுவினர். உங்களை யார் விருந்தாளியாக அழைத்துச் செல்வது என்பதில்தான் இந்தச் சண்டை!

பின்னர் சீட்டுப் போட்டுப் பார்த்தனர். அகீ ஸினான் குழுவினருக்கு முதல் முறை விழுந்தது. அவர்கள் முஸாபிர்களை ஹம்மாமுக்கு அழைத்துச் சென்றனர். தலைவர் ஸினானே இப்னு பதூதாவுக்குப் பணிவிடை செய்தார். உணவுக்குப் பின் காரிகள் குர்ஆன் ஓதினர். அடுத்த முறை அகீ தூமான் குழுவினருடையது. அவர்கள் அதே போன்று செய்ததோடு, குளித்து வந்தவர்கள் மீது பன்னீரும் தெளித்தனர்.

இதில் போற்றத் தக்கதும் உண்டு, தவிர்க்கத் தக்கதும் உண்டு. நன்மைகளில் முந்திக்கொள்ளுமாறு அல்லாஹுத்தஆலா தன் திருமறையில் ஏவுகின்றான். ஆனால் நன்மைக்காக எழுந்த போட்டியில் கத்தி உருவப்பட்டால் அந்த நன்மையே காயப்பட்டுவிடும். இதற்கு மாறாக, ஸிவாஸ் நகரில் அவர் கண்ட காட்சியைக் காணுங்கள். அங்கேயும் இரண்டு அகீ குழுவினர் ஊருக்கு வெளியே வந்து எதிர்கொண்டனர். முந்தி வந்தவர்களுக்கே முதல் உரிமை என்றாயிற்று. பிந்தி வந்தவர்கள் பொறுத்திருந்து, பின்னர் தங்கள் முறையில் விருந்தளித்தனர். ஆர்வம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஒழுங்கு சேர்ந்த ஊரில் விருந்தாளி அஞ்சவில்லை. விருந்தாளியின் மனத்தில் அச்சமோ சங்கடமோ ஏற்படுத்தும் அன்பு, அன்பாகவே இருப்பினும் குறையுடையது என்பதே இதன் பாடம். வந்தவரைப் பங்கு போட்டுக்கொண்டு சம்பந்திகள் சண்டையிடும் நம் வீடுகளுக்கும் இப்பாடம் வேண்டும்.

பெருநாளில் ஏழையின் இடம்

லாதிக்கில் இப்னு பதூதா நோன்புப் பெருநாளைக் கழித்தார். ஒவ்வொரு தொழிலினரும் தத்தம் கொடிகளோடும் முரசுகளோடும் அணிவகுத்து வந்தனர். அவர்களுடன் மாடுகளும் ஆடுகளும் ரொட்டிச் சுமைகளும் வந்தன. அடக்கத்தலத்தில் பிராணிகளை அறுத்து, இறைச்சியையும் ரொட்டியையும் தருமம் செய்துவிட்டே தொழுகைத் திடலுக்குச் சென்றனர். தொழுகை முடிந்து சுல்தானின் இல்லத்தில் விருந்து வைக்கப்பட்டது. ஆலிம்களுக்கும் ஷைகுகளுக்கும் அகீகளுக்கும் ஒரு ஸுஃப்ரா. ஏழை எளியவர்களுக்கென்று மற்றொரு ஸுஃப்ரா. ஏழையோ செல்வரோ அன்று எவரும் அந்த வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்படவில்லை.

செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படுகின்ற வலீமா உணவே உணவுகளில் மிகத் தீயது என்ற கருத்துடைய ஹதீதை இங்கே நினைவு கூர்வோம். நமது நிக்காஹ் வீடுகளின் அழைப்புப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். யார் மொய் எழுதுவார், யார் நமக்கு முன்னர் செய்தார், யாரை அழைத்தால் பெருமை என்ற கணக்கில் பெயர்கள் வளர்கின்றன. அடுத்த தெருவில் விதவையாய் இருக்கும் சாச்சியின் பெயரும், பள்ளிவாசல் மோதினாரின் பெயரும் கடைசியில் ஞாபகம் வந்தால் உண்டு. வந்தவர்களுக்குப் போட்டு மிஞ்சியதைப் பின்வாசலில் கொடுத்துவிட்டு ஏழைக்கு உணவளித்தோம் என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும், தமக்கு விருப்பமான உணவையே அளிப்பவர்களைத்தான் அல்லாஹ் தன் திருமறையில் (76:8) புகழ்கின்றான். அவர்கள் பதிலுக்குக் கைம்மாறோ நன்றியோ கூட எதிர்பார்ப்பதில்லை என்று அடுத்த வசனம் கூறுகிறது.

பெண்கள் அனுப்பிய சூடான ரொட்டி

ரூம் நாட்டுப் பெண்மணிகளைப் பற்றியும் இப்னு பதூதா நன்றியோடு எழுதுகிறார். அங்கே வாரம் ஒரு நாள் ரொட்டி சுட்டு, மற்ற நாட்களுக்கும் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ரொட்டி சுடும் நாளில் ஆடவர்கள் சூடான ரொட்டியையும் சுவையான குழம்பையும் கொண்டுவந்து முஸாபிர்களுக்குக் கொடுப்பார்கள். இதனைப் பெண்கள் அனுப்பினார்கள், தங்களிடம் துஆவை நாடுகிறார்கள் என்று கூறுவார்கள். முஸாபிர்கள் புறப்படும்போது சொந்த உறவினர் பிரிவது போல அவ்வூரார் கண்ணீர் வடித்தனர்.

இந்தச் சிறு செய்தியில் பெரியதோர் உண்மை அடங்கியிருக்கிறது. நம் இல்லங்களில் விருந்துக்கு அழைப்பவர் கணவர். அடுப்படியில் வேகிறவர் மனைவி. பெயர் அவருக்கு, வியர்வை இவருக்கு. ரூம் நாட்டு ஆடவர்களோ ரொட்டியைக் கொடுக்கும்போதே, இது பெண்களின் கொடை என்று சொல்லிக் கொடுத்தார்கள். துஆவையும் அவர்களுக்கென்றே கேட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒரு பசித்தவர் வந்தபோது, அவர்களின் இல்லங்களில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாதிருந்தது. அன்ஸாரி ஸஹாபி ஒருவர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கேயோ பிள்ளைகளுக்கான உணவு மட்டுமே இருந்தது. கணவனும் மனைவியும் கலந்து பேசி, பிள்ளைகளை உறங்க வைத்து, விளக்கைச் சரி செய்வது போல் அணைத்து, தாமும் உண்பதாகப் பாவனை செய்து விருந்தாளியைப் பசியாற்றினர். இருவரும் பட்டினியாக இரவைக் கழித்தனர். தமக்குத் தேவை இருந்தும் பிறரை முற்படுத்துவோரைப் புகழும் இறைவசனம் (59:9) இது குறித்தே அருளப்பட்டதாக புகாரியில் வருகிறது. அந்தப் புகழில் மனைவிக்கும் சம பங்கு உண்டு. ஏனெனில், அவருடைய சம்மதமின்றி அந்த விருந்து நடந்திருக்காது.

மொழி தெரியாத வீடுகளில்

வழியில் ஓர் ஊரில் நெய் வாங்க வேண்டி ஏற்பட்டது. அரபியில் நெய்க்கு 'ஸம்ன்' என்று பெயர். துருக்கி மொழியில் வைக்கோலுக்கு 'ஸமான்' என்பர். நெய் கேட்டுப் போனவர் வைக்கோலோடு திரும்பினார்! இப்படி மொழியறியாத நாட்டில்தான், கடும் பனிக் காலத்தில், ஒரு பெரிய சோதனையும் நேர்ந்தது. வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தியவர் நடுவழியில் கைவிட்டுப் போய்விட்டார். பாதையைப் பனி மூடியது, இரவும் வந்தது. தாம் ஒருவராவது கரை சேர்ந்தால் தோழர்களைக் காக்க வழி பிறக்கும் என்றெண்ணி, அவர்களை அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு இப்னு பதூதா தனியே குதிரையைச் செலுத்தினார். இருளில் சில வீடுகள் தென்பட்டன. ஒரு கதவைத் தட்டினார். வெளியே வந்த முதியவருக்கு அரபி தெரியவில்லை. ஆனால் அல்லாஹ்வின் அருளால் அது ஃபகீர்களின் ஸாவியா. குரல் கேட்டு உள்ளிருந்து வந்தவர்களில் இவருக்கு அறிமுகமான ஒருவரும் இருந்தார். உடனே ஃபகீர்கள் அவருடன் புறப்பட்டுச் சென்று தோழர்களை மீட்டு வந்தனர்.

விருந்தோம்பல் என்றதும் நமக்கு நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஞாபகம் வருகின்றன. ஆனால் முஸாபிருக்கு அது சில வேளைகளில் உயிர்ப் பிரச்சினை. தட்டினால் திறக்கும் ஒரு கதவு அந்த இரவில் இல்லாதிருந்தால் அத்தனை பேரும் பனியில் உறைந்திருப்பர். ரிஹ்லா என்ற நூலும் நமக்குக் கிடைத்திராது.

ஸினூப்பில் ஒரு சந்தேகம்

கருங்கடற் கரையிலுள்ள ஸினூப் நகரில் அவர் கப்பலுக்காகச் சுமார் நாற்பது நாட்கள் தங்க நேர்ந்தது. அங்குள்ளோர் ஹனஃபிகள். மாலிகிகளான இவர்கள் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுததைக் கண்டதும், ஷீஆப் பிரிவினர் என்று ஊரார் ஐயுற்றனர். தாங்கள் மாலிகிகள் என்று சொல்லியும் ஐயம் தீரவில்லை. அந்தப் பிரிவினர் முயல் கறி உண்ணமாட்டார்கள் என்பதால், அமீரின் பிரதிநிதி ஒரு முயலை அனுப்பி, என்ன செய்கிறார்கள் என்று கவனித்து வரச் சொன்னார். இவர்கள் அதனை அறுத்துச் சமைத்து உண்டனர். செய்தி போய்ச் சேர்ந்தது. ஐயம் நீங்கிற்று; விருந்துப் பொருட்களும் வந்தன!

கேட்க வேடிக்கையாக இருப்பினும் இது சிந்திக்க வேண்டியதாகும். ஷாஃபியும் ஹனஃபியும் ஒரே ஸஃப்பில் நின்று தொழும் ஊர்கள் நம்மிடையே பல உண்டு. கையை எங்கே கட்டினார், ஆமீனை எப்படிச் சொன்னார், விரலை எப்போது உயர்த்தினார் என்று பார்த்த பின்பே ஸலாம் சொல்லும் மனநிலை வளர்ந்தால், முஸாபிர் பசியோடு படுக்க நேரிடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் இஸ்லாத்தை ஏற்காத ஒருவர் விருந்தாளியாக வந்தபோது, அவருக்காக ஒன்றன்பின் ஒன்றாக ஏழு ஆடுகளின் பால் கறந்து கொடுக்கப்பட்டது. காலையில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார் என்று முஸ்லிமில் வருகிறது. பெருமானாரின் வாசலில் பால் கிடைப்பதற்குக் கொள்கைச் சோதனை இருக்கவில்லை. பசித்தவருக்கு முதலில் உணவு, மற்றவை பிறகு.

விருந்தாளியின் கடமை

இதுவரை விருந்தளிப்பவரைப் பற்றியே பேசினோம். விருந்தாளிக்கும் எல்லை உண்டு. விருந்து மூன்று நாட்கள். அதற்கு மேல் அளிப்பது தருமம். வீட்டாரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவு தங்குவது விருந்தாளிக்கு ஆகுமானதல்ல என்பது ஹதீதின் கருத்து. கஸ்தமூனீயிலிருந்து ஸினூப் செல்லும் பாதையில் ஓர் அமீர் ஸாவியா கட்டி வக்பு செய்திருந்தார். மக்கா, மதீனா, ஷாம், மிஸ்ரு முதலிய தூர தேசங்களிலிருந்து வரும் ஃபகீர்களுக்கு உடையும், வந்த அன்று நூறு திர்ஹமும், புறப்படும்போது முந்நூறு திர்ஹமும், தங்கும் நாட்களில் ரொட்டி, இறைச்சி, நெய்ச்சோறு, இனிப்பு ஆகியவையும் உண்டு. ரூம் நாட்டு ஃபகீர்களுக்குப் பத்துத் திர்ஹமும் மூன்று நாள் விருந்தும் என்று விதித்திருந்தார். நபிமொழியின் மூன்று நாள் கணக்கு ஒரு வக்பின் சட்டமாகவே அமைந்திருந்ததைக் கவனியுங்கள். தூரத்திலிருந்து வந்தவரின் தேவை பெரிதென்று அவருக்குக் கூடுதலாக அளித்ததும் அறிவுடைமையே.

பெருமானார் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. வீட்டில் காடி மட்டுமே இருந்த நாளில் அதனையே நல்ல குழம்பு என்று பாராட்டி உண்டார்கள். விருந்துக்குச் சென்று வந்து, கறி வேகவில்லை, உப்பு ஏறிவிட்டது என்று திண்ணையில் அமர்ந்து பேசுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். உண்டு முடித்ததும் பேச்சில் மூழ்கி வீட்டாரின் நேரத்தைக் கெடுக்காமல் கலைந்து செல்லுமாறு, நபியவர்களின் இல்லத்து விருந்தை முன்னிட்டே திருமறை (33:53) ஒழுக்கம் கற்பிக்கின்றது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது: இருப்பதைக் கொண்டு உபசரிக்க வேண்டும். நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் அறிமுகமில்லாத விருந்தாளிகளைக் கண்டதும், தம் குடும்பத்தாரிடம் சந்தடியின்றிச் சென்று, கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டுவந்து, அவர்களின் அருகிலேயே வைத்ததை திருமறை (51:24-27) வர்ணிக்கிறது. என்ன வேண்டும், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டு விருந்தாளியை நெளிய வைக்கவில்லை. அவர்களிடம் கன்று இருந்தது, கன்றை அளித்தார்கள். நம்மிடம் கஞ்சி இருந்தால் கஞ்சியை அளிப்போம். கடன் வாங்கி விருந்து வைத்துவிட்டுப் பின்னர் விருந்தாளியையே மனத்துள் ஏசுவது அமலையும் கெடுத்து, அன்பையும் கெடுக்கும்.

இரண்டாவது: விருந்துக்கு அழைக்கும் முன் வீட்டுப் பெண்களைக் கலந்துகொள்ள வேண்டும். வேலையிலும் பங்கெடுக்க வேண்டும். நன்றி சொல்லும்போது அவர்களின் பெயரையும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது: பள்ளிவாசலைக் கவனிக்க வேண்டும். இஷா தொழுகை முடிந்து விளக்குகள் அணையும் நேரத்தில், கையில் ஒரு பையோடு ஒதுங்கி நிற்பவரை நாம் பார்த்தும் பாராதது போல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்தவராக இருக்கலாம். வேலை தேடி வந்த இளைஞராக இருக்கலாம். மதரஸாவில் ஓதும் பிள்ளையைப் பார்க்க வந்த தகப்பனாராக இருக்கலாம். அவரிடம் சென்று ஸலாம் சொல்லி, சாப்பிட்டீர்களா, எங்கே தங்குகிறீர்கள் என்று விசாரிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஏமாற்றுக்காரராக இருந்தால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் தனி வீட்டைவிட மஹல்லாவின் ஏற்பாடு சிறந்தது.

நான்காவது: அகீகளைப் போல் கூட்டாகச் செய்ய வேண்டும். ஒரு மஹல்லாவில் தையற்காரர், தச்சர், கடைக்காரர், ஆசிரியர் என்று முப்பது பேர் சேர்ந்து, மாதம் ஒரு நாள் முஸாபிர் உணவுக்கு ஒவ்வொருவரும் பொறுப்பேற்றால், ஆண்டு முழுதும் அந்த ஊரில் எந்த முஸாபிரும் பசியோடு உறங்கமாட்டார். எவர்மீதும் பாரம் விழாது. பள்ளியை ஒட்டி ஓர் அறையும் ஒரு பாயும் ஒரு குடம் தண்ணீரும் ஏற்படுத்துவது எந்த ஜமாஅத்துக்கும் இயலாததல்ல. ஒரே சஹனில் பலர் கூடி உண்ணும் நல்வழக்கம் நம் கடலோர ஊர்களில் இன்றும் இருக்கின்றது. அந்தச் சஹனைச் சுற்றி அறியாத முகம் ஒன்றுக்கும் இடம் விடுவோம்.

அந்தாலியாவின் அந்தச் செருப்புத் தைப்பவரின் பெயரைக்கூட இப்னு பதூதா குறித்து வைக்கவில்லை. அந்நாட்டை ஆண்ட அமீர்கள் பலரின் பெயரும் பட்டமும் அதே நூலில் இருக்கின்றன. அவற்றை நினைவில் வைத்திருப்போர் சிலரே. பெயர் தெரியாத அத்தொழிலாளி அளித்த ஓர் இரவு உணவோ, ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கடந்து இன்று நமக்குப் பாடமாக இருக்கின்றது. அல்லாஹ்விடத்தில் அவருடைய பெயர் மறக்கப்படாது.

நமது வாசலை முஸாபிருக்கும், நமது ஸுஃப்ராவை ஏழைக்கும் விரிவாக்கி, பகட்டில்லாத நிய்யத்தையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் வல்ல ரஹ்மான் நமக்கும் நம் குடும்பத்தார்க்கும் நல்குவானாக! ஆமீன்.